ஒரே வெடி போதுமா?

பெங்களூர் ஆஸ்டின் டவுன்வாசிகள் சிலருக்கு கிருஷ்ணகிரிப் பக்கம் இன்னும் கொஞ்சம் நிலம் உண்டு. எனவே, காட்டுப்பன்றி விவகாரம் இங்கே டீக்கடை வரை வந்துவிட்டது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை நாசம் செய்யும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அனுமதித்ததிலிருந்து பேச்சு சூடாகவே இருக்கிறது.

"பெரிய துப்பாக்கியா குடுத்தா ஒரே வெடியில முடிஞ்சிடும் சார். பாவம், துடிக்காது" என்றார் நிலக்கடலையைப் பறிகொடுத்த பெரியவர் ஒருவர்.

துடிக்கக் கூடாது என்ற எண்ணம் நல்லது. கணக்குதான் தப்பு.

தோட்டாவின் ஆற்றல் அதன் எடையையும் வேகத்தையும் பொறுத்தது. வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. பெங்களூரில் வாழ்ந்த வேட்டைக்காரரும் எழுத்தாளருமான கென்னத் ஆண்டர்சனின் .405 வின்செஸ்டர் ரைஃபிள் சுமார் 4,300 ஜூல் ஆற்றலுடன் தோட்டாவைத் தள்ளும். ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கு மேல் யானைகளைக் கொன்ற ஸ்காட்லாந்துக்காரர் பெல், அவற்றில் பெரும்பாலானவற்றை அதைவிட வெகுவாக ஆற்றல் குறைந்த .275 வகை ரைஃபிளால்தான் வீழ்த்தினார். யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை எங்கே இருக்கிறது என்று அறிந்து வைத்திருந்தார்.

விஷயம் அதுதான். மூளையிலோ கழுத்துத் தண்டுவடத்திலோ பட்டால் விலங்கு நின்ற இடத்திலேயே சாயும். இதயம், நுரையீரலில் பட்டால் ரத்த அழுத்தம் விழுந்து சில விநாடிகளில் நினைவு தப்பும். அதற்குள் சற்று தூரம் ஓடவும் செய்யும். வயிற்றில் பட்டாலோ மணிக்கணக்கில் வேதனை. எத்தனை ஜூல் என்றாலும் இது மாறாது. உடலைத் துளைத்து மறுபுறம் வெளியேறும் தோட்டா மிச்ச ஆற்றலையும் தன்னோடு கொண்டு போய்விடும்.

தோட்டாவின் வகையும் முக்கியம். கல்கத்தா அருகே டம்டம் ஆயுதச் சாலையில் தயாரான, பட்டதும் விரியும் தோட்டாக்கள் கொடூரமானவை என்று 1899 ஹேக் பிரகடனம் போரில் அந்த வகையைத் தடை செய்தது. விசித்திரம் என்னவென்றால், வேட்டையில் விரியும் தோட்டாதான் கருணையானது. முழு உலோக உறை போட்ட ராணுவத் தோட்டா பெரும்பாலும் சிறு துளையிட்டுக் கடந்துவிடும். விலங்கு மெதுவாகச் சாகும்.

அல்லது சாகாது. சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. 1907இல் ஜிம் கார்பெட் அதைச் சுட்டுப் பார்த்தபோது வலப்பக்கக் கோரைப் பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. யாரோ எப்போதோ சுட்ட காயம். அதனால் இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் மனிதர்களிடம் வந்தது என்பது கார்பெட்டின் முடிவு.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991 திருத்தமும் வேட்டை விளையாட்டுக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. ஆனால் பழைய வேட்டைக்காரர்களின் பாடம் இன்று பன்றி சுடப் போகும் வனக்காவலருக்கும் பொருந்தும்: கிட்டத்தில், வெளிச்சத்தில், விலங்கு பக்கவாட்டில் நிற்கும்போது மட்டும் சுட வேண்டும். நிச்சயமில்லையென்றால் சுடக் கூடாது. அடிபட்டு ஓடினால் ரத்தத் தடம் பிடித்துப் போய் முடித்துவிட்டே திரும்ப வேண்டும்.

இல்லாவிட்டால், குண்டடி பட்ட பன்றி புதரில் படுத்திருக்கும். விடிந்ததும் களை பறிக்கப் போகிறவருக்கு அது தெரியாது.