ஆணுக்கு மூன்று, பெண்ணுக்கு ஒன்று!

தம்பி, தங்கைகளே! உங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் மாணவர்களுக்கு மூன்று பந்தயம், மாணவிகளுக்கு ஒன்றே ஒன்று என்று அறிவித்தால் சும்மா இருப்பீர்களா? "இது அநியாயம் சார்!" என்று சண்டைக்குப் போக மாட்டீர்களா? ஒலிம்பிக்கில் 1992 முதல் 2016 வரை ஒரு விளையாட்டில் இந்தக் கணக்குதான் இருந்தது. அதன் பெயர் கனூ ஸ்லாலம்.

சீறிப் பாயும் தண்ணீரில் சின்னஞ்சிறு படகை ஓட்டும் போட்டி இது. தலைக்கு மேலே கம்பியிலிருந்து கழிகள் தொங்கும். இரண்டு கழி சேர்ந்தால் ஒரு வாசல். பச்சை வாசலுக்குள் நீரோட்டத்தோடு புகுந்து போகலாம். சிவப்பு வாசல் என்றால் படகைத் திருப்பி, நீரோட்டத்தை எதிர்த்து நுழைய வேண்டும். படகோ, துடுப்போ, தலையோ கழியில் பட்டால் 2 வினாடி அபராதம். வாசலைத் தவறவிட்டால் 50 வினாடி! மொத்த ஓட்டமே ஒன்றரை நிமிடம், கொஞ்சம் கூடப் போகும், அவ்வளவுதான்.

படகு இரண்டு வகை. கயாக்கில் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு முனையிலும் பலகை உள்ள துடுப்பைப் போடுவார்கள். கனூவில் முழங்காலிட்டு இருக்க வேண்டும். துடுப்பில் ஒரு பக்கம்தான் பலகை. ஆண்களுக்கு கயாக், ஒருவர் கனூ, இருவர் கனூ என்று மூன்று பந்தயம். பெண்களுக்கு கயாக் மட்டும்.

ஆஸ்திரேலியாவின் ஜெசிகா ஃபாக்ஸ் 2012 லண்டன் ஒலிம்பிக்கில், 18 வயதில், கயாக்கில் வெள்ளி வென்றார். உலக சாம்பியன் போட்டியில் 2010லேயே பெண்கள் கனூ வந்துவிட்டது. அதில் 2013, 2014, 2015 என்று வரிசையாக ஜெசிகாதான் சாம்பியன். சரி, 2016 ரியோ ஒலிம்பிக்கில் கனூவில் என்ன பதக்கம் வாங்கினார்? ஒன்றுமில்லை. பெண்களுக்கு அந்தப் பந்தயமே வைக்கவில்லை!

'கனூ ஓட்டும் பெண்கள் குறைவு' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பந்தயமே வைக்காவிட்டால் யார் பழகுவார்கள்?

ஒருவழியாக, டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் கனூ சேர்ந்தது. அதற்காக ஆண்களின் இருவர் கனூவை எடுத்துவிட்டார்கள். சுலோவாக்கியா நாட்டின் ஹோக்சோர்னர் இரட்டையர் 2000, 2004, 2008 என்று மூன்று முறை தங்கம் வென்ற பந்தயம் அது. ஒருவருக்குக் கொடுக்க இன்னொருவரிடம் பிடுங்குவதா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் மூன்றுக்கு ஒன்று என்பதைவிட இரண்டுக்கு இரண்டு நியாயம் என்றுதான் சொல்வேன்.

டோக்கியோ போட்டி 2021 ஜூலையில் நடந்தது. முதலில் கயாக். ஜெசிகா இரண்டு கழிகளைத் தொட்டுவிட்டார். 4 வினாடி அபராதம். அது இல்லாவிட்டால் தங்கம், கிடைத்தது வெண்கலம். இரண்டே நாள் கழித்து கனூ. இந்த முறை ஒரு கழியும் ஆடவில்லை. இரண்டாவதாக வந்தவரை 3 வினாடிக்கும் மேல் முந்தித் தங்கம்! 2024 பாரீஸில் கயாக், கனூ இரண்டிலுமே தங்கம்.

ஜெசிகாவுக்குப் பயிற்சி கொடுத்தவர் அவருடைய அம்மா மிரியம். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் பிரான்சுக்காகக் கயாக்கில் வெண்கலம் வென்றவர். கனூவிலும் இறங்கிப் பார்க்க அவர் அப்போது ஆசைப்பட்டிருந்தாலும், ஒலிம்பிக்கில் அதற்கு வழி இல்லை.