துண்டாடப்படும் வேலைநேரம்: லோங் பீச் நகரம் காட்டும் வழி

ஒரு வாரத்தில் ஒரேயொரு மணித்தியாலம் ஊதியத்துக்கு உழைத்த ஒருவரும், புள்ளிவிபரக் கணக்கில் தொழில் உள்ளவராகவே பதியப்படுகின்றார். சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் நியமத்தைப் பின்பற்றி உலகின் பெரும்பாலான நாடுகள் கைக்கொள்ளும் முறை இதுவாகும். இலங்கையும் இதற்கு விதிவிலக்கல்ல. ஆதலால் தொழிலின்மை வீதம் குறைந்துள்ளதாக அரசாங்கங்கள் பெருமையோடு அறிவிக்கும்போது, அந்த வீதத்துக்குள் அடங்காத ஒரு பெருங்கூட்டம் வெளியே நின்று கொண்டிருப்பதை நாம் மறந்துவிடலாகாது. அவர்களுக்கு வேலை இல்லையென்று கூற முடியாது. ஆனால் போதிய வேலை இல்லை.

இவர்கள் யார்? பிள்ளையைப் பாடசாலையில் விட்டு வந்த பின்னர் நண்பகல் வரையிலுமே ஓய்வுள்ள தாய். நோயுற்ற பெற்றோரைப் பராமரிப்பதனால் எந்த நாளில் வீட்டை விட்டு வெளியேற முடியுமென்று முன்கூட்டியே சொல்ல இயலாத மகன். விரிவுரைகளுக்கு இடையில் சில மணித்தியாலங்கள் மிஞ்சும் மாணவர். திருமண காலங்களில் மாத்திரம் அழைக்கப்படும் சமையற்காரர். இவர்கள் எவருக்கும் காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரையிலான நிரந்தரத் தொழில் பொருந்தாது. அதற்காக இவர்களுடைய உழைப்புக்குச் சந்தையில் தேவை இல்லையென்று கொள்ளவும் முடியாது. உழைப்பவரின் ஓய்வு நேரமும் உழைப்பை வேண்டுபவரின் அவசர நேரமும் சந்திப்பதற்கு ஓர் இடம் இல்லை என்பதே உண்மையான பிரச்சினையாகும்.

அந்த இடத்தைக் கடந்த பதினைந்து ஆண்டுகளில் தனியார் செயலி நிறுவனங்கள் கைப்பற்றிக் கொண்டன. வாடகைக் காரும் உணவு விநியோகமும் அவற்றின் முதற் களங்களாயின. விரும்பிய நேரத்தில் உழைக்கலாம் என்ற அவற்றின் வாக்குறுதியில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் அந்தச் சுதந்திரத்துக்கு உழைப்பாளி கொடுத்த விலை பெரியது. அவர் ஊழியர் அல்லர், சுயாதீன ஒப்பந்தக்காரர் எனப்பட்டார். காப்புறுதியும் ஓய்வுகாலச் சேமிப்பும் மறுக்கப்பட்டன. தரகு எவ்வளவு, கட்டணம் எவ்வாறு நிர்ணயிக்கப்படுகிறது, கணக்கு எதற்காக முடக்கப்பட்டது என்று கேட்பதற்கும் எவரும் இருக்கவில்லை.

இந்த முறையை எதிர்த்த சட்டப் போராட்டங்கள் பல நாடுகளில் நடந்தன. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2019 இல் இயற்றிய சட்டம் இத்தகையோரை ஊழியராக ஏற்க வழிசெய்தது. அடுத்த ஆண்டே செயலி நிறுவனங்கள் 20 கோடி டொலருக்கும் மேல் செலவிட்டு, சர்வஜன வாக்கெடுப்பு மூலம் தமக்கு விதிவிலக்குப் பெற்றுக்கொண்டன. அந்த விதிவிலக்கு செல்லுபடியாகும் என 2024 இல் மாநில உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. இதற்கு மாறாக பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2021 பெப்ரவரியில், ஊபர் சாரதிகள் சட்டத்தின் பாதுகாப்புக்குரிய தொழிலாளர்களே எனத் தீர்மானித்தது. ஒரே தொழில், ஒரே நிறுவனம், இருவேறு முடிவுகள். இந்த வாதப் பிரதிவாதங்களுக்கிடையே ஒரு கேள்வி மட்டும் போதியளவு எழுப்பப்படவில்லை. இந்தச் சந்தையை நடத்தும் உரிமை தனியாருக்கு மாத்திரம் உரியது என்று தீர்மானித்தவர் யார்?

இந்தக் கேள்வியை நீண்டகாலமாக எழுப்பி வருபவர், பிரித்தானியத் தொலைக்காட்சித் துறையிலிருந்து வந்த விங்கம் ரோவன் ஆவார். பங்குச் சந்தைகளில் கோடீஸ்வரர்களின் பணம் நொடிப்பொழுதில் கைமாறுவதற்கு அதிநவீன வசதிகள் உள்ளன. ஆனால் ஓர் ஏழைத் தாய் தனது மூன்று மணித்தியால உழைப்பை விற்பதற்கு அறிவித்தற் பலகையும் தெரிந்தவரின் சிபார்சுமே கதியாக உள்ளன. இந்த ஏற்றத்தாழ்வை அரசே தலையிட்டு நீக்க வேண்டுமென்பது அவரது வாதத்தின் சாரமாகும். 2000களின் நடுப்பகுதியில் இந்த எண்ணத்துக்குச் செயல்வடிவம் கொடுக்கும் முயற்சி கிழக்கு லண்டனின் நியூஹாம் பகுதியில் நடைபெற்றது. இலங்கைத் தமிழரும் தெற்காசிய முஸ்லிம்களும் செறிந்து வாழும் ஈஸ்ட்ஹாம் இந்த நகராட்சிப் பிரிவுக்குள்ளேயே அமைந்துள்ளது. அங்கு வாழும் உறவினரைக் கொண்ட நமது வாசகர்களுக்கு, இரண்டு மூன்று துண்டு வேலைகளைச் சேர்த்து ஒரு வருமானமாக்கும் வாழ்க்கை புதியதல்ல.

இதே சிந்தனை அண்மைக் காலத்தில் கலிபோர்னியாவின் லோங் பீச் நகரில் வேரூன்றியுள்ளது. அமெரிக்காவின் மிகப் பெரிய துறைமுகங்களுள் ஒன்றைக் கொண்டது இந்நகரம். அமெரிக்காவில் கம்போடிய மக்கள் மிக அதிகமாக வாழும் நகரமும் இதுவே. இவர்களில் பலர் கெமரூஜ் கொடுமையிலிருந்து தப்பி வந்தவர்களும் அவர்களின் சந்ததியினருமாவர். இங்கிருந்த போயிங் நிறுவனத்தின் சி-17 விமானத் தொழிற்சாலை 2015 இல் தனது இறுதி விமானத்தை அனுப்பிவிட்டு மூடப்பட்டது. நிரந்தரத் தொழில்கள் விலகிச் செல்லச் செல்ல, ஹோட்டல், பராமரிப்பு, களஞ்சியம், நிகழ்ச்சி ஏற்பாடு போன்ற ஒழுங்கற்ற நேர வேலைகளின் முக்கியத்துவம் கூடியது.

இந்நிலையிலேயே, அந்நகரின் பொது வேலைவாய்ப்பு அமைப்பான பசிபிக் கேட்வே, வேர்க் எல்பி என்ற இணையவழிச் சந்தையை ஏற்படுத்தியது. அதன் இயக்கம் எளிதானது. எந்த நாளில், எந்த மணித்தியாலங்களில், வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் வரை, என்ன வகையான வேலைக்குத் தயார் என்பதை உழைப்பாளி தானே பதிவு செய்கிறார். வேலை கொடுப்போர் தமக்குத் தேவையான நேரத்துக்குப் பொருத்தமானவரை ஒப்பந்தம் செய்கின்றனர். இங்கு பணிபுரிபவர் சுயாதீன ஒப்பந்தக்காரர் அல்லர். இடைநிலை நிறுவனமொன்று சட்டபூர்வ தொழில்தருநராகப் பொறுப்பேற்று, வரிப் பிடித்தத்தையும் விபத்துக் காப்புறுதியையும் கவனித்துக் கொள்கிறது. நான்கு மணித்தியாலம் உழைத்தவருக்கும் ஊழியர் என்ற அந்தஸ்து கிடைக்கின்றது என்பதே இதன் சிறப்பாகும்.

பொது அமைப்பொன்று நடத்துவதனால் வேறு இரண்டு நன்மைகளும் உண்டு. முதலாவது, இலாபம் ஈட்டுவது அதன் நோக்கமன்று என்பதனால் இடைத்தரகுச் செலவைக் குறைவாகவும் வெளிப்படையாகவும் வைத்திருக்கலாம். இரண்டாவது, எந்தத் தொழிலுக்கு எந்தப் பகுதியில் ஆள் பற்றாக்குறை நிலவுகிறது என்ற தகவல் நகரத்தின் கையில் இருக்கும். தனியார் நிறுவனத்துக்கு அது வியாபார இரகசியம். பொது நிர்வாகத்துக்கோ பயிற்சித் திட்டம் வகுப்பதற்கான ஆதாரம். இன்று சுத்திகரிப்பு வேலை செய்பவர் நாளை முதியோர் பராமரிப்புக்குப் பயிற்றப்பட வேண்டுமா என்பதை ஊகத்தினால் அன்றி, தகவலின் அடிப்படையில் முடிவு செய்யலாம்.

இவையெல்லாம் கேட்பதற்கு இனிமையானவை. எனினும் பொதுத்துறைச் சந்தைகள் எதிர்நோக்கும் பிரதான தடையை மூடிமறைப்பது நேர்மையாகாது. சந்தை என்பது கட்டடமோ கணினியோ அல்ல. வாங்குவோரும் விற்போரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால்தான் அது சந்தை. தனியார் நிறுவனங்கள் முதலீட்டாளரின் பணத்தை ஆண்டுக்கணக்கில் கொட்டி, நட்டத்தைத் தாங்கிக்கொண்டு அந்தக் கூட்டத்தைச் சேர்த்தன. ஒரு நகர சபைக்கு அது இயலாது. நியூஹாமில் தொடங்கிய முயற்சி, அதனை வடிவமைத்தோர் விரும்பியவாறு நாடு தழுவிய பொதுச் சந்தையாக வளரவில்லை. இந்தியாவின் கேரள அரசு 2022 ஓகஸ்ட்டில் திருவனந்தபுரத்தில் தொடக்கிய கேரள சவாரி என்ற வாடகை வாகனச் செயலி, 8 சதவீதக் கட்டணம் மட்டுமே அறவிட்ட போதிலும், போதிய பயணிகள் இன்றி ஆரம்பத்தில் தடுமாறி, பின்னர் 2025 இல் புதிய வடிவில் மீண்டும் களமிறங்க நேர்ந்தது. நியாயமான கட்டணம் மாத்திரம் வாடிக்கையாளரைக் கொண்டு வந்துவிடாது என்பதையே இவை உணர்த்துகின்றன.

துண்டு வேலையை ஒழுங்குபடுத்துவதன் மூலம் அரசே அதனை அங்கீகரித்து, நிரந்தரத் தொழிலை ஒழிக்கத் துணைபோகிறது என்ற தொழிற்சங்கங்களின் அச்சமும் ஒதுக்கித் தள்ளக்கூடியதல்ல. முழுநேர ஊழியரை நீக்கிவிட்டு, அதே வேலையை மணித்தியாலக் கணக்கில் வாங்கும் ஆசை எந்த முதலாளிக்கும் எழலாம். இத்தகைய சந்தையின் விதிகளை வகுக்கும் சபையில் தொழிற்சங்கங்களுக்கு இடமளிப்பதே இதற்கான தற்காப்பாகும். ஆனால் சந்தையே வேண்டாம் என்பதனால் துண்டு வேலை மறைந்துவிடப் போவதில்லை. அது சந்திகளிலும் தரகர்களின் தொலைபேசிகளிலும் எவ்விதப் பதிவுமின்றித் தொடரும்.

இனி, இலங்கையில் நாம் எங்கே நிற்கின்றோம்? 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதியச் சட்டம் நிரந்தர ஊழியருக்கு மாத்திரம் உரியதன்று. தற்காலிக, அமைய ஊழியரும் அதற்குள் அடங்குவர். தொழில்தருநர் 12 சதவீதமும் ஊழியர் 8 சதவீதமும் செலுத்த வேண்டும். ஆயினும் வாரத்தில் மூன்று இடங்களில் மூன்று வேலை செய்யும் ஒருவருக்கு இதனைச் செலுத்துபவர் யார்? எல்லோருக்கும் அவர் அந்நியர். 2016 ஆம் ஆண்டின் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டமும் மாதத்துக்கும் நாளுக்குமே வேதனத்தை நிர்ணயித்தது. மணித்தியாலக் கணக்கில் உழைப்பவரைப் பற்றிய சிந்தனை நமது சட்டங்களில் இன்னும் வேர்கொள்ளவில்லை.

அதேவேளை, உள்ளூராட்சி மன்றங்களுக்குச் சந்தை நடத்துவது புதிய கடமையன்று. மாநகர சபைகளும் நகர சபைகளும் பிரதேச சபைகளும் மீனுக்கும் மரக்கறிக்கும் பொதுச் சந்தை அமைத்து, கடைகளைக் குத்தகைக்கு விட்டு, ஒழுங்கையும் சுத்தத்தையும் பேணி வந்துள்ளன. மீனவரின் பிடியை இடைத்தரகரின் தயவில் விட்டுவிடக்கூடாது என்று எண்ணிய சமூகம், அவரது மனைவியின் உழைப்பு நேரத்தை மட்டும் அவ்வாறு விட்டுவிடுவது முரணானதல்லவா? வடக்கிலும் கிழக்கிலும் குடும்பப் பாரத்தைத் தனித்துச் சுமக்கும் பெண்களுக்கும், வீட்டுக்கு அண்மையில் சில மணித்தியால வேலையை மட்டுமே ஏற்கக்கூடிய முஸ்லிம் பெண்களுக்கும் இது வெறும் கோட்பாட்டு விவாதமல்ல. அடுப்பு எரிவதா இல்லையா என்ற விடயம்.

2023 மார்ச் முதல் மக்கள் பிரதிநிதிகள் இன்றி இயங்கிய உள்ளூராட்சி மன்றங்களுக்கு 2025 மே 6 ஆம் திகதி தேர்தல் நடைபெற்றது. புதிய சபைகளிடம் நிதி வளம் குறைவு என்பதை யாவரும் அறிவர். எனினும் தொடக்கத்துக்குப் பெருஞ் செலவுள்ள கணினி முறைமை அவசியமன்று. சபை தானே முதலாவது வாடிக்கையாளராக வேண்டும். நூலகம், முன்பள்ளி, விழாக்காலத் துப்புரவு, பூங்காப் பராமரிப்பு ஆகியவற்றுக்கு வேண்டிய மேலதிக நேரங்களை ஒரு பொதுப் பதிவேட்டின் மூலம் வழங்கி, ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் சேமலாப நிதியைச் செலுத்திக் காட்டட்டும். பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் அதன் பின்னர் இணைந்துகொள்ளலாம். சட்ட ஏற்பாட்டில் திருத்தம் தேவையெனில் மத்திய அரசிடம் கோரலாம்.

லோங் பீச் நகரின் முயற்சி நிறைவான வெற்றி என்று கூறுவதற்கில்லை. ஆனால் சந்தையின் திறவுகோலைத் தனியாரிடம் ஒப்படைத்துவிட்டு, பின்னர் நீதிமன்றப் படிகளில் நியாயம் தேடுவதை விட, திறவுகோலில் ஒன்றைப் பொதுமக்களின் கையில் வைத்திருப்பது விவேகமானது என்பதை அது நினைவூட்டுகிறது. ஒரு மணித்தியாலம் உழைத்தவரைத் தொழில் உள்ளவராகக் கணக்கிடும் அரசு, அந்த ஒரு மணித்தியாலத்துக்குரிய உரிமையையும் அவருக்கு வழங்கக் கடமைப்பட்டுள்ளது.