ஒரு சொல்லும் பல பொருளும்

ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றுக்கும் தமிழில் நேர்ச்சொல் ஒன்றே உண்டு என்னும் எண்ணம் நம் மாணவரிடையே வேரூன்றி வருகின்றது. அகராதியைத் திறப்பர், முதற்கண் நிற்கும் சொல்லை எடுத்தெழுதுவர், மொழிபெயர்ப்பு முடிந்ததெனக் கொள்வர். இந்நாளிற் கணினியும் இத்தொழிலில் அவர்க்குத் துணை நிற்கின்றது. இவ்வழக்கம் தகாது என்பதே எம் கருத்து. அதனைக் காட்டுதற்குப் பெருஞ்சொல் எதுவும் வேண்டா. மென்மையும் ஈரமும் உடைய பொருளைக் குறிக்கும் ‘பல்ப்’ என்னும் சிறு சொல்லே அமையும். மின்குமிழைக் குறிக்கும் சொல்லும் தமிழெழுத்தில் இவ்வாறே வருமாயினும், அது வேறு சொல்.

இச்சொல்லின் தாய் இலத்தீன் மொழியிலுள்ள ‘புல்பா’ ஆகும். அது விலங்கின் ஊனையும் கனியின் உட்பகுதியையும் ஒருங்கே குறித்தது. நம் ‘சதை’ என்னும் சொல்லும் அத்தகையதே. இம்மட்டில் இரு மொழியும் ஒத்து நடக்கின்றன. அப்பாற் செல்லத் தமிழின் வழி வேறாகின்றது. மாம்பழத்திற் சதை என்போம். பலாவிற் சுளை என்போம். இளநீரில் வழுக்கை என்போம். கற்றாழையிற் சோறு என்போம். பனம்பழத்திற் களி என்போம். அக்களியைப் பாயிற் பரப்பி உலர்த்தினாற் பனாட்டு. கண்டும் தொட்டும் உண்டும் அறிந்தவர் வைத்த பெயர்கள் இவை.

மரத்தையும் வைக்கோலையும் அரைத்தும் அவித்தும் பெறும் காகித மூலப்பொருளும் ‘பல்ப்’ எனவே படும். இதனைக் கூழ் என்றல் பொருந்தும். வாழைச்சேனைக் காகித ஆலை வைக்கோலைக் கூழாக்கித் தாள் செய்ததை நம்மவர் பலர் அறிவர். பல்லினுள்ளே நரம்பும் குருதிக் குழாயும் பொதிந்த மெல்லிய இழையத்துக்கும் ஆங்கிலத்தில் இதுவே பெயர். ஆங்கே வெறுங் கூழ் என்றால், கேட்போன் நினைவில் ஒடியற் கூழன்றோ எழும்! பற்கூழ் எனச் சேர்த்துரைத்து, அது உயிருள்ள பகுதியென விளக்கினாலன்றிப் பல்வலியின் காரணம் அவனுக்குப் புலனாகாது.

வினையாகும்போது இச்சொல் இன்னும் ஏமாற்றும். மரத்தைப் ‘பல்ப்’ செய்தல் அதனைக் கூழாக்குதல். கோப்பிப் பழத்தைப் ‘பல்ப்’ செய்தலோ கொட்டையினின்றும் தோலையும் சதையையும் நீக்குதல். ஒன்று ஆக்குதல், மற்றொன்று அகற்றுதல். விற்பனையாகாத நூல்களைப் ‘பல்ப்’ செய்தனர் எனின், அவை அழிக்கப்பட்டு மீண்டும் கூழாயின என்பது பொருள். இம்மூன்றையும் எந்த ஒரு நேர்ச்சொல் தாங்கும்?

இலக்கியத்திலும் இச்சொல் புகுந்த வரலாறு சுவையானது. 1840களில் செருமனியைச் சேர்ந்த கெல்லர் என்பார் மரத்தை அரைத்துக் கூழாக்கும் முறையைக் கண்டார். கந்தைத் துணியாற் செய்த தாளினும் மரக்கூழ்த் தாள் மலிந்தது. ஆயின் விரைவிற் பழுத்து நொறுங்குவது. 1896 இல் அமெரிக்காவில் மன்சி என்பார் தம் ‘ஆர்கசி’ இதழை அத்தாளில் அச்சிட்டுக் கதைகளாலேயே நிரப்பினார். அத்தகைய இதழ்கள் பெருகவே, தாளின் பெயர் இதழுக்கும், இதழின் பெயர் கதைக்கும் ஏறிற்று. ஈற்றில் தரங்குறைந்த எழுத்து என்னும் இகழ்ச்சியும் சேர்ந்தது. எனினும் டாசில் ஹமெற், றேமண்ட் சாண்ட்லர் முதலியோர் வளர்ந்தது 1920 இல் தோன்றிய ‘பிளாக் மாஸ்க்’ என்னும் அத்தகைய இதழிலேயே. தாளின் மலிவு எழுத்தின் மலிவாகாது.

இதனால் நாம் பெறுவது யாது? பொருளை அறிந்த பின்னரே சொல்லைத் தேடல் வேண்டும் என்பதே. தமிழிற் பயிலும் மாணவன், பாடநூலிற் பொருந்தாத சொல்லைக் கண்டு மயங்குங்கால், பிழை சொல்லினது என அறியான். தன் அறிவு குறைந்தது என்றோ, தன் மொழி குறைந்தது என்றோ எண்ணுவான். இவ்விரண்டும் பெருந்தீங்கு. ஒருமுறை அவ்வெண்ணம் உள்ளத்திற் புகுந்தால், பின்னர் எத்துணைத் தமிழ் விழா எடுத்தும் அதனைப் போக்கல் அரிது.

ஆதலின் எம் வேண்டுகோள் ஒன்றுண்டு. வகுப்புத்தோறும் மாணவர் குறிப்பேடொன்று வைத்து, வீட்டிலும் வயலிலும் பட்டறையிலும் வழங்கும் சொற்களை, அவை எப்பொருளுக்கு எவ்விடத்து ஆகும் என்பதோடு எழுதிவைப்பாராக. மருத்துவராயும் பொறியியலாளராயும் அச்சகத்தாராயும் கமக்காரராயும் பல நாடுகளில் வாழும் பழைய மாணவர்கள், தத்தம் துறைச் சொற்களுக்கு விளக்கம் எழுதியனுப்புவாராக. கட்டடத்துக்குக் கல் ஈந்தோர் கல்லூரிக்குச் சொல்லும் ஈதல் தகும். யூபிலி மண்டபம் போல் அச்சொற்றொகுதியும் பின்வருவோர்க்கு நிழல் தரும்.