இனாம் என்றாலும் யோசித்து எடு!

எங்கள் தெருப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து தீபாவளி பட்சணம் செய்து விற்கிறோம். ஆர்டர் எடுக்க என் பெண் ஒரு இணையப் பக்கம் அமைத்துக் கொடுத்திருந்தாள். சரியாகத் தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு அது படுத்துவிட்டது! மாவும் எண்ணெயும் வாங்கியாயிற்று. யார் என்ன கேட்டிருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"ஒரு லைப்ரரி தகராறு பண்ணுதும்மா" என்றாள். புத்தக லைப்ரரிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று விழித்தேன். பிறகு விளக்கினாள்.

லைப்ரரி என்பது யாரோ எழுதி வைத்த ஆயத்தத் துண்டு. கொக்கி, பட்டன் மாதிரி வேண்டிய இடத்தில் தைத்துக்கொள்ளலாம். ஃபிரேம்வொர்க் என்பது வெட்டி வைத்த ரவிக்கைத் துணி மாதிரி. அந்த வெட்டுப்படிதான் தைக்க வேண்டும். 2013-ல் வந்த 'ரியாக்ட்' லைப்ரரி, 'ஆங்குலர்' ஃபிரேம்வொர்க். இரண்டும் இனாம்தான்.

இனாம் என்றதும் என் பெண் முப்பது லைப்ரரி சேர்த்திருக்கிறாள். தேதியை அழகாகக் காட்டக்கூட ஒன்று! அதில் ஒன்றின் புதுப் பதிப்பு தானாக வந்து ஏறியதும், மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை.

பெரிய இடத்திலும் இது உண்டாம். 2016 மார்ச்சில் 'லெஃப்ட் பேட்' என்ற 11 வரித் துண்டை எழுதியவரே நீக்கிவிட, பல நாடுகளில் வேலை தடுமாறியது. கூகுள் 2010-ல் வெளியிட்ட 'ஆங்குலர் ஜேஎஸ்'ஸின் பராமரிப்பு 2021 டிசம்பரோடு நின்றது. அதை நம்பியவர்கள் புதிதாக எழுத வேண்டியதாயிற்று.

என் பெண் இரண்டு ராத்திரி கண்விழித்து, அவசியமில்லாத இருபதைக் கழற்றினாள். பக்கம் எழுந்தது. பட்சணம் ஒன்றுகூட மிஞ்சவில்லை!

உங்கள் பிள்ளைகளும் இந்த வேலையில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்:

1. இது இல்லாமல் முடியவே முடியாதா?

2. கடைசியாக எப்போது திருத்தினார்கள்? பராமரிப்பது ஒருவரா, பலரா?

3. நாளைக்கு நீ வெளியூர் போனால், இது தெரிந்த வேறு ஆள் கிடைப்பாரா?

4. பதிப்பு எண்ணைக் குறித்து, தானாக மாறாதபடி வைத்தாயா?

பாத்திரம் கூடினால் ருசி கூடாது, துலக்கும் வேலைதான் கூடும். என்ன சகோதரிகளே, சரிதானே?