கடற்பாசியைக் காப்பவர் குற்றவாளியா?

2025 மே மாதம் அனகாபுத்தூரில் அடையாற்றங்கரை வீடுகள் இடிக்கப்பட்டன. தலித் மக்களும் பிற உழைக்கும் மக்களும் பல பத்தாண்டுகள் வாழ்ந்த வீடுகள் அவை. ஆற்றைக் காக்க வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். ஆறு காக்கப்பட வேண்டும் என்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. காப்பு என்னும் சொல் உச்சரிக்கப்பட்ட உடனேயே, பட்டா இல்லாதவர் 'ஆக்கிரமிப்பாளர்' ஆகிவிடுவது எப்படி என்பதே எங்கள் கேள்வி. இதே கேள்வியை மன்னார் வளைகுடாவின் பெண்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றனர்.

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் உள்ளடக்கி, ஏறத்தாழ 560 சதுர கிலோமீட்டர் பரப்பு 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கெல்ப் எனப்படும் பெரும்பாசிக் காடுகள் குளிர்ந்த கடல்களுக்கு உரியவை. நம் வெப்பக் கடலின் பாறைகளில் கட்டக்கோரையும் மரிக்கொழுந்துப் பாசியும் வளர்கின்றன; மீன்குஞ்சுகள் அடைக்கலம் தேடுவது அவற்றிடையேதான். இராமநாதபுரம் கரையோரப் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கி, இப்பாசிகளைக் கையால் பறித்தே பிழைக்கின்றனர். அகர், ஆல்ஜினேட் ஆலைகளுக்கு மூலப்பொருள் அவர்கள் பறிக்கும் பாசியே.

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், வாழிடத்தின் பகுதியான நீர்த்தாவரத்தையும் 'வன உயிரினம்' என்றே வரையறுக்கிறது. தேசியப் பூங்காவிலிருந்து அதை அனுமதியின்றி எடுப்பதைப் பிரிவு 35 தடுக்கிறது. ஆகவே, ஒரு பெண் பாசி பறிப்பதும் வேட்டைக்காரன் மானைக் கொல்வதும் ஒரே சட்டத்தின் கீழ்க் குற்றங்களாகின்றன.

இக்கடலைச் சிதைத்தவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகள் பல ஆண்டுகள் வெட்டி எடுக்கப்பட்டன. பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரு தீவுகள் நீரில் மூழ்கியதற்கு அதுவே முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. இழுவைமடி கடலடியை உழுதது. வணிகத்துக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாபைகஸ் என்னும் அயற்பாசி குருசடைத் தீவின் பவளங்கள் மீது படர்ந்தது. இவற்றுள் எதுவும் கையால் பாசி பறிக்கும் பெண்களின் செயல் அன்று.

அப்பெண்களோ தமக்குத் தாமே விதி வகுத்துக்கொண்டனர். மாதத்தில் 12 நாள் மட்டுமே பறிப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் பறிப்பதை நிறுத்துவது, சுரண்டும் உலோகக் கருவிகளைக் கைவிடுவது என்பன அவ்விதிகள். இம்முயற்சியை முன்னெடுத்த சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீக்காலஜி பரிசு கிடைத்தது. உலகம் பாராட்டிய இந்த ஒழுங்கை நம் சட்டம் இன்னும் ஏற்கவில்லை.

சட்டத்துக்குள்ளேயே வழி உண்டு. 1991 திருத்தத்தால் சேர்க்கப்பட்ட பிரிவு 26அ, கடற்பரப்பைக் காப்பிடத்துள் சேர்க்கும்போது உள்ளூர் மீனவரின் தொழில் நலன்களைக் காக்கப் போதிய நடவடிக்கை எடுத்த பின்னரே எல்லை வகுக்கப்பட வேண்டும் என்கிறது. மன்னார் வளைகுடாப் பூங்காவின் அறிவிப்பு இதற்கு ஐந்தாண்டுகள் முந்தியது. சட்டமன்றமோ நாடாளுமன்றமோ பின்னர் ஏற்றுக்கொண்ட நியாயம், முந்திய அறிவிப்பால் பாதிக்கப்பட்டவருக்கு மறுக்கப்படலாகாது. வன உரிமைச் சட்டம், 2006 தேசியப் பூங்காக்களையும் வன நிலம் என்கிறது. நீர்நிலைகளின் மீன் முதலிய விளைபொருள்கள் மீதான சமூக உரிமையையும் ஏற்கிறது. அது கடலுக்கும் பொருந்துமா என்பது வாதத்துக்குரியது. மூன்று தலைமுறைச் சான்று கேட்கும் விதியும் தடையாக நிற்கும். ஆயினும் கிராம சபைகள் வழியே அவ்வுரிமையைக் கோரிப் பார்க்க வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள் மூன்று. கையால் பாசி பறிப்பதை இழுவைமடியோடு ஒன்றாக வைக்கக் கூடாது. பெண்களின் 12 நாள் விதியை அடிப்படையாகக் கொண்டு அனுமதி முறை ஒன்று வகுக்கப்பட வேண்டும். பூங்காவின் மேலாண்மைத் திட்டத்தை வகுக்கும் இடத்தில் பாசி பறிக்கும் பெண்கள் உறுப்பினராக அமர வேண்டும்.

மன்னார் வளைகுடாப் பெண்களுக்கு ஆதரவாக எழுதும் மாணவர்கள், அடையாற்றங்கரைக்கும் ஒருமுறை வர வேண்டும். வெளியேற்றப்பட்டவர் பெரும்பாக்கத்திலிருந்து வேலைக்கு வந்து திரும்பும் தொலைவை அவர்களே கணக்கிட்டுப் பார்க்கட்டும். ஆற்றுக்கும் கடலுக்கும் நம்மிடம் ஒரே சட்டக் கேள்விதான் இருக்கிறது: எல்லை வகுக்கும் முன் அங்கு வாழ்பவரிடம் கேட்டீர்களா?