புயல் வருமுன் எமக்குச் சொல்வது யார்?

ஐப்பசி பிறந்து வாடை முகங்காட்டும் நாளிலிருந்து, பருத்தித்துறை முதல் பொத்துவில் வரையுள்ள எமது கரையோர மக்கள் கீழ்வானத்தைப் பார்த்தபடியே வாழ்கின்றனர். தோணியை மேட்டில் ஏற்றிவிடுவதா, இன்னும் ஒரு நாள் தொழிலுக்குப் போவதா என்பது கடற்றொழிலாளியின் கேள்வி. விதைத்து ஒரு மாதமான பயிருக்குப் பசளை போடுவதா, போட்டால் அத்தனையும் வெள்ளத்தோடு வாய்க்காலில் போய்விடுமா என்பது கமக்காரனின் கேள்வி. இருவருக்கும் விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள் கொழும்பில் இருக்கின்றார்கள். அந்த விடை எந்த மொழியில், எத்தனை மணிக்கு, யார் வாயிலாக எம்மிடம் வந்து சேருகின்றது என்பதே இன்று நாம் எழுப்பும் வழக்கு.

“இயற்கையின் சீற்றத்திலுமா அரசியல்? புயலுக்குத் தமிழன் யார், சிங்களவன் யார் என்று தெரியுமா?” எனச் சில கனவான்கள் எம்மைக் கடிந்துகொள்வர். புயலுக்குத் தெரியாது; ஒப்புக்கொள்கிறோம். புயலைப் பற்றி அறிவிக்கும் உத்தியோகத்தருக்குத் தெரியும். அறிவித்தல் எந்த மொழியில் முதலில் எழுதப்படுகின்றது, எந்த மொழியில் மறுநாள் எழுதப்படுகின்றது, எந்த மொழியில் எழுதப்படாமலே விடப்படுகின்றது என்பதைக் காற்று தீர்மானிப்பதில்லை.

முதலில் காலக்கணக்கைப் பார்ப்போம். எமது நாட்டின் வளிமண்டலவியல் ஏடுகளின்படி வடகீழ்ப் பருவக்காற்றுக் காலம் டிசம்பர் மாதத்திலேதான் தொடங்குகின்றது. ஒக்டோபரும் நவம்பரும் இரு பருவங்களுக்கு இடைப்பட்ட காலமாம். ஆனால் மட்டக்களப்பைச் சூறையாடிய சூறாவளி வந்தது 1978 நவம்பர் 23. வன்னியில் போருக்கு அஞ்சித் தரப்பாளின் கீழ்க் கிடந்த மக்களை ‘நிஷா’ நனைத்தது 2008 நவம்பர். காரைதீவில் மத்ரசாப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டு, அப்பிள்ளைகளின் உயிர்கள் போனது 2024 நவம்பர் 26. ‘திட்வா’ எனப் பெயர்பெற்ற புயல் கரைதொட்டது 2025 நவம்பர் 28. ஏடு சொல்லும் பருவத்துக்காக வங்கக் கடல் காத்திருப்பதில்லை. பருவத்துக்கு முந்தி வரும் புயலே எம்மவரை ஆயத்தமின்றிப் பிடிக்கின்றது. வரம்பு கட்டி முடியாத நேரம், குளங்களின் வாய்க்கால்கள் துப்புரவு செய்யப்படாத நேரம், கூரை வேயாத நேரம் அது.

1978ஐ நினைவுடையோர் கிழக்கில் இன்றும் உள்ளனர். 900க்கும் அதிகமானோர் மாண்டனர். தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. நெற்களஞ்சியங்கள் கூரையிழந்தன. அதற்கு முன் 1964 டிசம்பர் 22, 23ஆந் திகதிகளில் வந்த புயல் திருகோணமலைக் கரையால் ஏறி மன்னார் வழியே போய் அக்கரையில் தனுஷ்கோடியையே அழித்தது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடிய கப்பலும் அத்தோடு நின்றது. 2000 டிசம்பரில் திருகோணமலை மீண்டும் அடிபட்டது. 2020 டிசம்பர் 2ஆந் திகதி ‘புரெவி’ முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையிலேதான் கரையேறிற்று. வரைபடத்தை விரித்துப் பாருங்கள். வங்கக் கடலின் தென்கிழக்கில் தாழமுக்கம் உருவாகி மேற்கு நோக்கி நகர்ந்தால், அது இலங்கையில் முதலில் தட்டும் கதவு வடக்கும் கிழக்குமே. அவ்வாறிருக்க, அந்தக் கதவருகே காவற்காரன் உண்டா?

2017ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசின் கொடையாகப் புத்தளத்திலும் பொத்துவிலிலும் இரண்டு வானிலை ரேடார் நிலையங்களை அமைப்பதற்கு உடன்பாடு செய்யப்பட்டது. எட்டு ஆண்டுகள் கழித்துத் ‘திட்வா’ தென்கிழக்குக் கரைக்கு அப்பால் உருக்கொண்டு, கிழக்குக் கரையைத் தடவியவாறு ஊர்ந்தபோது, பொத்துவிலில் அதனைப் பார்ப்பதற்கு ரேடார் இல்லை. காசு கொடுக்க வந்தவன் கையை நீட்டியபடி நிற்க, வாங்க வேண்டியவன் எட்டு ஆண்டுகள் கோப்புக்குள் தலையை வைத்துத் தூங்கினான். இதற்கு எந்தக் கட்சியின் அரசாங்கம் பொறுப்பு என்று கேட்பீர்களாயின், அந்த எட்டு ஆண்டுகளில் நாட்டை ஆண்ட அத்தனை கட்சிகளும் என்பதே எமது பதில்.

‘திட்வா’ 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. கண்டி, பதுளை, நுவரெலியா மலைச்சரிவுகளில் மண் சரிந்து மாண்டவர் மிகப் பலர். கிழக்கில் நவம்பர் 30ஆந் திகதி மாவிலாற்று அணை உடைந்தது. 2006இல் ஒரு போரின் தொடக்கமாய் உலகெங்கும் பேசப்பட்ட அந்த மாவிலாறு, நீர் பெருகிய நாளில் எவருடைய கவனத்திலும் இல்லாத அணையாயிற்று. அதன் கீழுள்ள வயல்களில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் உழுகின்றனர். மூவரது வயலும் மூழ்கிற்று. அந்நாட்களிலே அரசாங்க நிலையங்கள் வெளியிட்ட எச்சரிக்கைகள் தமிழில் குறைவாகவும் பிந்தியும் வந்தன என்ற முறைப்பாடு நாடெங்கும் எழுந்தது. எழுப்பியோர் தமிழர் மாத்திரம் அல்லர். மனச்சாட்சியுள்ள சிங்கள எழுத்தாளரும் அதனைக் கண்டித்தனர். அவர்களுக்கு எமது நன்றி.

எமது மக்கள் என்ன செய்கின்றார்கள்? தமது தலைக்கு மேலுள்ள மேகத்தைப் பற்றி அறிவதற்குச் சென்னையின் வானிலை அறிக்கையைக் கேட்கின்றார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியற்றுறையைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர் தமிழில் எழுதும் முன்னறிவிப்பைக் கைத்தொலைபேசியில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கின்றார்கள். அவருடைய தொண்டை நாம் போற்றுகிறோம். ஆனால், ஒரு தனிமனிதர் தம் ஓய்வு நேரத்தில் செய்யும் தொண்டை நம்பி ஓர் இனம் தன் உயிரைக் காக்க வேண்டியிருப்பது எந்த நாட்டு நீதி?

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிற்று. முப்பத்தொரு ஆண்டுகளின் பின், 1987இல், 13ஆம் திருத்தம் ‘தமிழும் ஓர் அரசகரும மொழியாதல் வேண்டும்’ என்றது. அந்த ‘உம்’மைக்கு நாம் கொடுத்த விலையை இங்கு எழுதப் புகின் ஏடு போதாது. வடக்கு, கிழக்கில் அரச கருமங்கள் தமிழில் நடைபெற வேண்டும் என்பது அரசியலமைப்பிலே எழுதப்பட்ட கட்டளை. மொழி காரணமாக எந்தப் பிரசைக்கும் பாரபட்சம் காட்டலாகாது என்பது அதன் 12(2)ஆம் உறுப்புரை. ஓர் எச்சரிக்கை சிங்களத்தில் காலையிலும் தமிழில் மாலையிலும் வருமாயின், இடைப்பட்ட அந்த மணித்தியாலங்கள் வெறும் அலுவலகத் தாமதம் அல்ல. அவை அடிப்படை உரிமை மீறல். இவ்வாறே நாம் வாதாடுவோம்.

ஆழிப்பேரலை 2004 டிசம்பர் 26ஆந் திகதி எச்சரிக்கையின்றி வந்து பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோன பின்னர், 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறியது. சனாதிபதியின் தலைமையில் ஒரு தேசிய சபையை அது அமைத்தது. அதிலே மாகாண முதலமைச்சர்களுக்கும் ஆசனம் உண்டு. நல்லதே. ஆனால் கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இல் முடிந்தது. வடக்கின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 2017இல் தேர்தல் முறையை மாற்றினார்கள். புதிய எல்லை நிர்ணய அறிக்கையை 2018இல் பாராளுமன்றமே நிராகரித்தது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை என்று கையை விரித்தார்கள். 2025ஆம் ஆண்டு முடியும்வரை தேர்தல் நடக்கவில்லை. ‘திட்வா’ வந்த அன்று வடக்கிலும் இல்லை, கிழக்கிலும் இல்லை ஒரு முதலமைச்சர். சனாதிபதி நியமித்த ஆளுநரே மாகாணத்தின் வாயாகவும் காதாகவும் இருந்தார். தம்மை நியமித்தவரிடம் அவர் எவ்வளவு உரத்துப் பேசுவார் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்க.

வட மாகாண சபை கலைந்து இரண்டே மாதத்தில், 2018 டிசம்பரில், கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கின. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் உரிய நேரத்திற் திறக்கப்பட்டனவா என்று பெரும் சர்ச்சை எழுந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த சபை ஒன்று அன்று இருந்திருந்தால், கேள்வி கேட்க ஓர் இடமும், பதில் சொல்ல ஒரு மந்திரியும் இருந்திருப்பர்.

புயலுக்குப் பெயர் வைக்கும் உரிமையைக்கூட இப்பகுதியின் 13 நாடுகள் முறைவைத்துப் பகிர்ந்துகொண்டுள்ளன. ‘திட்வா’ என்பது யேமன் நாடு தன் தீவொன்றின் களப்பை நினைந்து தந்த பெயர். பெயர் வைப்பதில் யேமனுக்கு அதிகாரம் பகிரப்படலாம். உயிர் காப்பதில் யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் பகிரப்படலாகாது போலும்! 13 என்னும் இலக்கத்துக்கும் எமக்கும் என்ன பகையோ, நாம் அறியோம்.

2005 யூன் மாதத்தில், ஆழிப்பேரலை நிவாரணத்தைக் கூட்டாக நிருவகிக்க ஒரு பொதுக்கட்டமைப்பு கைச்சாத்தாயிற்று. அடுத்த மாதமே உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையினால் அதன் உயிர்நாடி நின்றது. 2025இல், அனர்த்த நிலைமையைப் பிரகடனஞ் செய்ய அந்த 2005ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அதிகாரம் இருக்க, பொதுசனப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தையே தூக்கி எடுத்தார்கள். 1958இலும் 1961இலும் எம் தலைவர்களைத் தடுத்துவைத்த சட்டம் அது. வெள்ளத்தில் மிதப்பவனுக்கு அதனால் என்ன கூடுதல் பயன் என்பதை எவரும் எமக்கு விளக்கவில்லை.

மலையகத்தைப் பற்றி ஒரு சொல். அங்கு லயன் அறைகளில் வாழும் எம் உடன்பிறப்புகள் எச்சரிக்கை கிடைத்தாலும் எங்கே போவார்கள்? காணி அரசினது, 1992 முதல் நிருவாகம் கம்பனிகளது, தொழிலாளியினது ஒரு சாணும் இல்லை. சரிவில் இருந்து எழுந்து போ என்று சொல்லும் அரசு, போய் இருக்க ஒரு துண்டு நிலத்தை உறுதியோடு கொடுக்கட்டும். கடலோரத் தமிழன் இக்கோரிக்கையைத் தன் கோரிக்கையாகக் கொள்ளாவிடில், நாளை தனக்காக அவன் குரல் கேட்கும் தகுதியை இழப்பான்.

எம்மவர் குற்றத்தையும் மறைக்க மாட்டோம். ஆசனத்துக்காக ஆளை ஆள் இழுத்து வீழ்த்தும் எம் கட்சிகள், மாகாண சபைத் தேர்தலை ஒரே குரலில் கேட்டு ஒரு மாதம் தொடர்ந்து தெருவில் நின்றதுண்டா? சட்டத்தரணிகளும் வைத்தியர்களும் பொறியியலாளரும் நிறைந்த சமூகம் என்று மார்தட்டுகின்றோம். அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் இட வேண்டும் என்று 126ஆம் உறுப்புரை சொல்வதை அறிந்தும், தமிழில் வராத எச்சரிக்கைக்காக நீதிமன்றப் படியேறத் தயங்கினோம். சான்று இல்லை என்பதே நாம் சொன்ன சாட்டு.

ஆகவே சான்றைத் திரட்டுவோம். அடுத்த தாழமுக்கம் உருவாகும் நாளில், ஒவ்வொரு கிராம அபிவிருத்திச் சங்கமும், கடற்றொழிலாளர் சங்கமும், கமக்காரர் அமைப்பும் ஒரு கொப்பியைத் திறக்கட்டும். எந்த அறிவித்தல் எந்தத் திகதியில், எத்தனை மணிக்கு, எந்த மொழியில், வானொலியிலா தொலைபேசியிலா ஒலிபெருக்கியிலா கிராம அலுவலர் வாயிலாகவா வந்தது. குளத்தின் கதவு எப்போது திறக்கப்பட்டது, திறக்குமுன் யாருக்குச் சொல்லப்பட்டது. எந்தப் படகு கடலில் நின்றது, எந்த வயல் எத்தனை நாள் நீருள் கிடந்தது என்பவற்றை அன்றன்றே எழுதி, இருவர் கையொப்பமிட்டு வைக்கட்டும். சிங்கள அறிவித்தலின் பிரதியையும் நேரத்தோடு எடுத்து அருகே ஒட்டுக. வெள்ளம் வடிந்து ஒரு கிழமைக்குள் அக்கொப்பி எமது கைக்கு வருமாயின், மனுவை வரைவதும் அதனை வாதாடுவதும் எம் பொறுப்பு. அதற்குச் சட்டத்தரணிகளாகிய நாம் ஒரு சதமும் வாங்கமாட்டோம்.