டயருக்கு என்ன வயசு சார்?

மாத்திரை அட்டையைத் திருப்பித் தேதி பார்க்கிறீர்கள். ரொட்டி பாக்கெட்டில் பார்க்கிறீர்கள். நாலு டயருக்கு ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுக்கும்போது மட்டும் ஏன் சார் வாயே திறப்பதில்லை?

'புது டயர்' என்பார் கடைக்காரர். யாரும் ஓட்டாத டயர் என்பதுதான் அதற்கு அர்த்தம். எப்போது செய்தது? டயரின் பக்கவாட்டில், பெரும்பாலும் ஒரு நீள்வட்டத்துக்குள், நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடத்தின் 23-வது வாரம். அதாவது, ஜூன் மாதம். மூணே எண்தான் இருக்கிறதா? அது 2000-க்கு முந்தைய சரக்கு. ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள்.

இதை உத்திரமேரூர் பக்கத்துக்காரர்களுக்குத்தான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்னையில் ஓடும் டாக்ஸிக்கு, டயர் கிழடு தட்டுவதற்குள் தேய்ந்துவிடும். கிராமத்து வீட்டுக் கார் அப்படியா? முகூர்த்தத்துக்கு ஒரு தடவை, காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை. மற்ற நாளெல்லாம் வாசலில் வெயில் காயும். பட்டன் அப்படியே இருக்கும், ரப்பர் செத்துக்கொண்டிருக்கும். மோட்டார் வாகன விதியும் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டர் இருக்கிறதா என்றுதான் கேட்கிறது. வயசைக் கேட்பதில்லை. பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு விட்டிருக்கும் அந்த டயரோடு, மே மாத மத்தியானம், குடும்பத்தை ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு தாண்டி நெடுஞ்சாலையில் நூறைத் தொடுகிறோம்!

அஞ்சு வருடம் ஓடிய டயரை வருடா வருடம் காட்டிச் சோதிக்கச் சொல்கிறது மிஷலின் கம்பெனி. தயாரித்துப் பத்து வருடமாகிவிட்டால், பார்க்க நன்றாக இருந்தாலும் கழற்றிவிடச் சொல்கிறது. ஆறு வருடத்திலேயே மாற்றச் சொல்லும் கார் கம்பெனிகளும் உண்டு.

ஒரு கடையில் தேதி கேட்டேன். "குடோன்ல நிழல்லதான் சார் இருந்துச்சு, ஒண்ணும் ஆகாது" என்றார். நியாயம்தான். நிழலில் ஒழுங்காக அடுக்கிய டயர் சீக்கிரம் கெடாது. அப்புறம் தேதியைச் சொல்ல என்ன கூச்சம்? மூணு வருடச் சரக்குக்குப் போன மாதச் சரக்கின் விலை எதற்கு? இதே மாவட்டத்தில், ஒரகடத்தில் அப்போலோவும் ஸ்ரீபெரும்புதூரில் ஜே.கே.வும் டயர் செய்து தள்ளுகிறார்கள். நமக்கு ஏன் பழசு?

இத்தனைக்கும் இது வயசு கேட்ட ஊர். சபைக்கு நிற்பவருக்கு 35-க்கு மேல், 70-க்குள் வயசு இருக்க வேண்டும் என்று 921-லேயே, பராந்தக சோழன் காலத்தில், கல்லில் வெட்டிவைத்தார்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இன்றும் இருக்கிறது. டயர் கம்பெனிக்கோ வாரக் கணக்கில் சங்கேதம்! 'ஜூன் 2019' என்று அச்சடித்தால் ரப்பர் கரைந்துவிடுமா?

பில்லில் ஜி.எஸ்.டி.யைப் பைசா சுத்தமாகப் போடுகிறார்கள் இல்லையா? அதிலேயே ஒவ்வொரு டயரின் நாலு எண்ணையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். அந்த எண் ஒரு பக்கம் மட்டும்கூட இருக்கலாம். உள்பக்கம் போய்விட்டால் வண்டிக்கு அடியில் படுத்துதான் படிக்க வேண்டும். அதனால் மாட்டுவதற்கு முன்னாலேயே பாருங்கள். எழுத மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். போகிற போக்கில் டிக்கியைத் திறந்து, அந்த ஸ்டெப்னிக்கு என்ன வயசு என்றும் பார்த்துவிடுங்கள்.